ஐடிஎஸ் மரமும் பசுங்கணிக மரமும் முட்டுகின்றன: எந்தப் பகுதிகளை எடுப்பது, எதை நம்புவது?

#1 மகரந்தத்துகள்

24 சிற்றினங்கள் உள்ள ஒரு பேரினத்தின் உறவுமுறையைப் பசுங்கணிக டிஎன்ஏ வைத்து வரைய வேண்டும். 15 சிற்றினங்களுக்குச் சிலிக்காவில் உலர்த்திய இலை இருக்கிறது. மீதி 9-க்கு ஹெர்பேரியத் தாளில் ஒட்டிய பழைய இலை மட்டும்தான். பார்கோடு என்று எல்லோரும் சொல்லும் ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களையும் எடுத்தால் போதுமா, அல்லது முழுப் பசுங்கணிக ஜீனோமுக்கே போய்விடலாமா?

இன்னொன்று. 15 சிற்றினங்களுக்கு உட்கருவின் ஐடிஎஸ் பகுதி ஏற்கெனவே வரிசைப்படுத்தியாகிவிட்டது. சோதனைக்காகப் பசுங்கணிகத்தின் டிஆர்என்எல்–எஃப் பகுதியையும் பார்த்தால், இரண்டு சிற்றினங்கள் ஐடிஎஸ் மரத்தில் ஒரு கிளையிலும், பசுங்கணிக மரத்தில் வேறொரு கிளையிலும் உட்கார்ந்திருக்கின்றன. எதை நம்புவது?

#2 கிளைமுடிச்சு

முதல் கேள்விக்கு: போதாது. ஆர்பிசிஎல் சுமார் 1,428 கார இணை, அதாவது டிஎன்ஏ எழுத்து, நீளம். ருபிஸ்கோ நொதியின் பெரிய அலகைக் குறியீடு செய்கிறது. ஒளிச்சேர்க்கையே அந்த நொதியை நம்பி நடப்பதால் அதில் மாற்றம் எளிதில் தங்காது. குடும்பங்களுக்கும் துறைகளுக்கும் இடையிலான உறவைப் பார்க்க அந்த மந்தம்தான் வசதி. 1993-இல் 499 விதைத் தாவரங்களின் ஆர்பிசிஎல் வரிசைகளை ஒன்றாக வைத்து 42 பேர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வும், அதையொட்டி 1998-இல் வந்த, பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி வகைப்பாடும் அப்படித்தான் சாத்தியமாயின. ஒரே பேரினத்துக்குள் வந்தால் கதை வேறு. 1,400 எழுத்துகளில் ஐந்தாறு வேறுபாடு கிடைத்தாலே அதிகம், அதிலும் பாதி ஒரே ஒரு சிற்றினத்தில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட மாற்றம் கிளைகளைச் சேர்க்க உதவாது.

பார்கோடு என்ற பெயரில் ஏமாற வேண்டாம். ஆர்பிசிஎல், மேட்கே இரண்டையும் 2009-இல் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் 'இது எந்தச் செடி' என்று அடையாளம் காண்பது. 'இது யாருக்கு நெருங்கிய உறவு' என்பது வேறு கேள்வி.

வேகக் கணக்கு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலத்தை மாற்றாத மாற்றங்களை மட்டும் எண்ணினால், பசுங்கணிக மரபணுக்கள் உட்கரு மரபணுக்களில் ஏறத்தாழ பாதி வேகத்தில் மாறுகின்றன. தாவர மைட்டோகாண்ட்ரியா அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. 1987-இல் போட்ட கணக்கு இது. பின்னால் வந்த கணக்குகளில் உட்கருவுக்கும் பசுங்கணிகத்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் கூடியிருக்கிறது. பசுங்கணிகத்துக்குள்ளேயும் எல்லா இடமும் ஒன்றல்ல. தலைகீழ் மீள்தொடர் பகுதியில், அதாவது எதிரெதிர் திசையில் இரண்டு பிரதிகளாக இருக்கும் நீள்துண்டில், உள்ள மரபணுக்கள் ஒரே பிரதியாக இருக்கும் ஒற்றைப் பிரதிப் பகுதியில் உள்ளவற்றைவிட மிக மெதுவாக மாறும். அதனால் பேரின அளவில் தேட வேண்டியது ஒற்றைப் பிரதிப் பகுதியின் இடைவெளித் தொடர்களை, அதாவது இரண்டு மரபணுக்களுக்கு நடுவில் உள்ள துண்டுகளை: ஆர்பிஎல்32–டிஆர்என்எல், என்டிஹெச்எஃப்–ஆர்பிஎல்32, டிஆர்என்கியூ–ஆர்பிஎஸ்16, என்டிஹெச்சி–டிஆர்என்வி. மரபணுவுக்குள் என்றால் ஒய்சிஎஃப்1.

எது உங்கள் பேரினத்தில் அதிகம் மாறுகிறது என்பதை வேறு பேரினத்தின் பட்டியலை வைத்து முடிவு செய்ய முடியாது. மரத்தில் தூரமாக இருக்கக்கூடிய 4 அல்லது 5 சிற்றினங்களைத் தேர்ந்தெடுத்து, 8 பகுதிகளை அவற்றில் மட்டும் ஓட்டுங்கள். மாறும் இடங்களையும் இன்டெல்களையும் (எழுத்துகள் கூடிய அல்லது விடுபட்ட இடங்கள்) எண்ணி, அதிகம் தரும் மூன்று நான்கை மட்டும் 24-க்கும் எடுங்கள். இந்தச் சோதனைச் சுற்றைத் தவிர்த்துவிட்டு நேரே 24-க்குப் போனவர்களுடைய மரங்கள்தான் சீப்பு மாதிரி எல்லாக் கிளையும் ஒரே புள்ளியில் விரிந்து நிற்கும்.

#3 வேர்த்தூவி

ஆய்வகப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

சிலிக்கா இலை: எடைக்கு எடை குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா இருந்திருக்க வேண்டும், ஒரு நாளுக்குள் இலை மொறுமொறுவென்று உடைய வேண்டும். இரண்டு மூன்று நாள் ஈரமாகக் கிடந்த இலையில் டிஎன்ஏ துண்டுபட்டிருக்கும். தடித்த, சாறு நிறைந்த இலையைக் கீற்றாக நறுக்கித்தான் போட வேண்டும்.

பிரித்தெடுப்புக்கு சிடாப் என்ற சோப்பு வகை வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் முறையே போதும். 2% சிடாப், 100 மில்லிமோலார் டிரிஸ் (பிஹெச் 8.0), 20 மில்லிமோலார் இடிடிஏ, 1.4 மோலார் உப்பு, 1 முதல் 2% பிவிபி. பீட்டா-மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் 0.2% சேருங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் வீரியம் போய்விடும். காற்றுறிஞ்சும் பேழைக்குள் வைத்தே கையாளுங்கள்.

20 மில்லிகிராம் உலர் இலை, 700 மைக்ரோலிட்டர் கரைசல், 65 டிகிரியில் 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்துக் கலக்கல். பிறகு அதே அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1), மென்மையாகக் கலக்கி 12,000 ஜியில் 10 நிமிடம் சுழற்சி. மேல் அடுக்கை எடுக்கும்போது நடுவில் உள்ள வெள்ளைப் படலத்தைத் தொடாதீர்கள். கொஞ்சம் திரவத்தை விட்டுவிட்டு வருவதில் நஷ்டமில்லை. மூன்றில் இரண்டு பங்கு குளிர்ந்த ஐசோபுரொப்பனால், உறைபெட்டியில் ஒரு மணி நேரம், சுழற்சி, 70% எத்தனாலில் இரண்டு கழுவல்.

எத்தனால் முழுக்கக் காய்ந்த பின் கரையுங்கள், ஆனால் படிவு வெடித்துப்போகும் அளவுக்குக் காயவிட்டால் கரையவே கரையாது.

பசை இலையாக இருந்தால் சிடாபுக்கு முன்னால் சார்பிட்டால் கரைசலில் இரண்டு முறை கழுவிவிடுங்கள். பொடித்த இலையில் ஊற்றிக் கலக்கி, சுழற்றி, மேலே நிற்கும் வழவழப்பைக் கொட்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கடைசியில் கிடைப்பது ஜெல்லி. அளவுமானியில் 260/280 விகிதம் 1.8 என்று அழகாகக் காட்டும், 260/230 மட்டும் 1-க்குக் கீழே விழுந்திருக்கும். அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் 'டிஎன்ஏ நன்றாக இருக்கிறது, பிசிஆர் ஏன் வரவில்லை' என்று கேட்பவர்கள் நிறைய. மாவுச்சத்தும் பாலிஃபீனாலும் பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதியை முடக்குகின்றன. முதல் மருந்து டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்ப்பது. கூடுதலாகப் போட்டால் தடுப்பானும் கூடும்.

25 மைக்ரோலிட்டர் பிசிஆர் கலவை: 10 மடங்கு பஃபர் 2.5, 25 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு 2, ஒவ்வொன்றும் 2.5 மில்லிமோலார் உள்ள டிஎன்டிபி 2, பத்து மைக்ரோமோலார் பிரைமர் தலா 0.5, 10 மில்லிகிராம்/மில்லிலிட்டர் பிஎஸ்ஏ 0.5, டாக் 0.2 (1 யூனிட்), டிஎன்ஏ 1 (10 முதல் 20 நானோகிராம்), மீதி 15.8 நீர். பஃபரிலேயே 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் இருந்தால் வெளியிலிருந்து 0.5 மைக்ரோலிட்டர் போதும். இதைக் கவனிக்காமல் இரட்டிப்பு மெக்னீசியம் போனால் ஜெல்லில் ஏணி மாதிரி பட்டைகள் வரும்.

டிஆர்என்எல்–எஃபுக்கு 94 டிகிரி 3 நிமிடம், பிறகு 94/52/72 டிகிரியில் 30, 40, 60 நொடி என்று 35 சுற்று, கடைசியில் 72-இல் 7 நிமிடம். இடைவெளித் தொடர்களுக்கு இதே திட்டத்தை அப்படியே ஓட்டாதீர்கள். அவற்றில் ஏ–டி மிகுதி, 72 டிகிரியில் பிரைமர் கழன்றுவிடும். அதற்குப் பழகிய திட்டம்: 80 டிகிரி 5 நிமிடம், பிறகு 95-இல் 1 நிமிடம், 50-இல் 1 நிமிடம், அங்கிருந்து நொடிக்கு 0.3 டிகிரியாக மெல்ல 65-க்கு ஏறி, 65-இல் 4 நிமிடம் என்று 35 சுற்று. கடைசியில் 65-இல் 5 நிமிடம். நேரம் தின்னும், ஆனால் வேறெதிலும் வராத பகுதிகள் இதில் வரும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் டிஎன்ஏ போடாத வெறும் குழாய் ஒன்று கட்டாயம். பிரித்தெடுப்பிலும் இலை போடாத வெறும் குழாய் ஒன்று. பசுங்கணிகப் பொதுப் பிரைமர்கள் எந்தச் செடியையும் பிடிக்கும் என்பதால், பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி தெறித்தாலும் அழகான பட்டை வந்து நிற்கும்.

#4 மகரந்தத்துகள்

நன்றி. மேட்கே மூன்று சிற்றினங்களில் வரவே இல்லை. ஆர்பிசிஎல் அதே டிஎன்ஏவில் வருகிறது. அப்படியென்றால் தடுப்பான் பிரச்சினை இல்லை, சரிதானே?

#5 வேர்த்தூவி

சரி. பிரைமர் பிரச்சினை. மேட்கே மரபணு டிஆர்என்கே இன்ட்ரானுக்குள் உட்கார்ந்திருக்கிறது, வேகமாக மாறும். அதனால் மரபணுவுக்குள் பிடிக்கும் பொதுப் பிரைமர்கள் பல குடும்பங்களில் தோற்கும். பிணைப்பு வெப்பத்தை 48-க்கு இறக்கிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் மாறாத டிஆர்என்கே எக்ஸான்களில் பிரைமர் வைத்து முழு இன்ட்ரானையும், அதாவது சுமார் 2,500 கார இணைகளையும் பெருக்கி, உள்ளே உங்கள் பேரினத்துக்கென்று தனிப் பிரைமர் எழுதிக்கொள்ளலாம். ஹெர்பேரிய இலையில் இது நடக்காது. அங்கே 200, 300 எழுத்துகளுக்கு மேல் முழுத் துண்டு கிடைப்பதே அரிது.

#6 சூலகவறை

டிஆர்என்ஹெச்–பிஎஸ்பிஏ பகுதியை யாராவது பரிந்துரைப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பெருக்குவது சுலபம், நிறைய மாறும், நீளமும் கச்சிதம். எல்லாம் உண்மை. ஆனால் பிஎஸ்பிஏ முனைக்குப் பக்கத்தில் ஒரு தண்டு–வளைய அமைப்பு இருக்கிறது. அந்த வளையத்தில் உள்ள சில பத்து எழுத்துகள் தாமாகவே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். ஒரே சிற்றினத்தின் இரண்டு செடிகளில்கூட ஒன்று நேராகவும் ஒன்று திரும்பியும் இருக்கலாம்.

மென்பொருளுக்கு இது தெரியாது. திரும்பிய துண்டை நேரான துண்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பத்துப் பதினைந்து தனித்தனி மாற்றங்கள் நடந்ததாக எண்ணிவிடும். உறவே இல்லாத இரண்டு செடிகள் இரண்டுமே திரும்பியிருந்தால் அவை ஒரே கிளையில் 95% ஆதரவோடு (தரவை மீண்டும் மீண்டும் எடுத்து மரம் வரையும்போது அந்தக் கிளை திரும்ப வரும் விகிதம்) சேர்ந்துவிடும். வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திய அலைன்மென்டைக் கண்ணால் பாருங்கள். இரு பக்கமும் ஒத்துப்போய், நடுவில் மட்டும் திடீரென்று எல்லாம் சிதறினால் அந்தத் துண்டை எதிர்நிரப்பியாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்தினால் திரும்பிய வடிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த 30, 40 எழுத்துகளையும் வெட்டிவிடுங்கள். திருப்பத்தை ஒரு தனிப் பண்பாகக் குறித்து மரத்தில் சேர்க்க வேண்டாம். அவ்வளவு எளிதாகப் புரளும் ஒன்று உறவுக்குச் சாட்சி ஆகாது.

அடுத்த தொல்லை ஒரே எழுத்தின் நீள்வரிசைகள். பசுங்கணிக இடைவெளிகளில் ஏ அல்லது டி பத்துக்கு மேல் தொடர்ந்தால் பிசிஆர் நொதியே வழுக்கும். சாங்கர் முறையில் வரிசையை வாசித்த அலை வரைபடம் அதுவரை தெளிவாக வந்து, அதற்குப் பிறகு இரட்டை அலையாகக் குழம்பும். மறுமுனையிலிருந்தும் வாசித்து இரண்டையும் அந்த இடத்தில் சந்திக்கவிடுவது ஒன்றே வழி. அந்த வரிசையின் நீளத்தை எண்ணிக்கையாக மரத்துக்குள் விடக் கூடாது. 11 ஏ-வும் 12 ஏ-வும் வித்தியாசமல்ல, இரைச்சல்.

நல்ல இன்டெல்களை, அதாவது ஐந்தாறு எழுத்துக்கு மேல், எல்லை தெளிவாக உள்ளவற்றை, 0/1 என்று தனிப் பட்டியலாகக் குறித்துச் சேர்க்கலாம். பேரின அளவில் இவை பல நேரம் எழுத்து மாற்றங்களைவிட நம்பகமானவை. ஆனால் பக்கத்துத் துண்டையே இரட்டிப்பாக்கிய வகை இன்டெல் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகவும் தோன்றும். அந்த வகையைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

#7 கிளைமுடிச்சு

24-இல் 9 ஹெர்பேரியத் தாள் என்றால் பிசிஆர் பாதையே வேண்டாம் என்பது என் கருத்து. மேலே பேசிய தொல்லைகளில் பாதி அதோடு போய்விடும், வேறு தொல்லைகள் வரும். மொத்த டிஎன்ஏவை அப்படியே மேலோட்டமாக வரிசைப்படுத்துங்கள், அதாவது ஜீனோம் ஸ்கிம்மிங்.

கணக்கு எளிது. ஒரு மாதிரிக்கு 200 கோடி எழுத்துகள், அதாவது 150 எழுத்து இணை வாசிப்புகளில் சுமார் 67 லட்சம் ஜோடி. இலையின் மொத்த டிஎன்ஏவில் பசுங்கணிகத்தின் பங்கு பெரும்பாலும் 5 முதல் 20%. 5% என்றே வைத்தாலும் 10 கோடி எழுத்துகள், அதை 1,55,000-ஆல் வகுத்தால் 640 மடங்கு ஆழத்துக்கு மேல். ஹெர்பேரிய இலையில் 1%-க்கு இறங்கினாலும் சுமார் 130 மடங்கு. சரியாகக் கட்ட 50 மடங்கு இருந்தாலே வேலை நடக்கும். பழைய டிஎன்ஏ ஏற்கெனவே துண்டாகியிருப்பதால் ஒலியலை கொண்டு உடைக்கும் படியை அந்த 9-க்கும் விட்டுவிடுங்கள். பழைய துண்டுகளின் முனையில் சி எழுத்து டி-ஆகச் சிதைந்திருக்கும். ஆழம் போதுமானால் பெரும்பான்மை எழுத்து அதைச் சரிசெய்துவிடும்.

வாசிப்புகளை ஒட்டி ஜீனோமைக் கட்டுவதற்கு கெட்ஆர்கனெல் மென்பொருள் போதும். கே-மெர், அதாவது ஒட்டுவதற்கு எடுக்கும் துண்டின் நீளம், 21, 45, 65, 85, 105 என்று கொடுங்கள். வாசிப்பு குட்டையாக இருந்தால் பெரிய எண்களை எடுத்துவிடுங்கள். முடிவில் வளையமாக முடிந்த ஜீனோம் இரண்டு வரும். பயப்பட வேண்டாம். இரண்டு தலைகீழ் மீள்தொடர்களும் ஒன்றோடொன்று மறுசேர்க்கை செய்வதால் சிறிய ஒற்றைப் பிரதிப் பகுதி இரண்டு திசையிலும் ஒரே செல்லில் இருக்கிறது, ஏறத்தாழ சரிபாதியாக. 1983-லேயே நிரூபித்தது இது. ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து எல்லா மாதிரிக்கும் அதையே வையுங்கள். ஜென்பேங்க் என்ற பொதுத் தரவகத்தில் இருந்து எடுத்த வரிசைகளில் பாதி மறுதிசையில் இருக்கும். அதைக் கவனிக்காமல் முழு ஜீனோமை ஒப்பமைத்துவிட்டு 'புதிய தலைகீழ்த் திருப்பம் கண்டுபிடித்தோம்' என்று எழுதிய கட்டுரைகளும் உண்டு.

மரத்துக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியவை:

மீள்தொடரில் ஒரு பிரதியை நீக்குங்கள். இரண்டையும் வைத்தால் அந்த 25,000 எழுத்துகளின் சாட்சியை இருமுறை எண்ணுகிறீர்கள்.

மீள்தொடரின் எல்லையில் ஒய்சிஎஃப்1-இன் வெட்டுப்பட்ட துண்டு ஒன்று இருக்கும். அதை முழு ஒய்சிஎஃப்1 என்று நினைத்து மரபணுப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். குறிப்புரை மென்பொருள் இந்தத் தவறை அடிக்கடி செய்கிறது.

என்டிஹெச்டி போன்ற மரபணுக்கள் ஏடிஜி-க்குப் பதில் ஏசிஜி-யில் தொடங்குவதைப் பிழை என்று திருத்தாதீர்கள். ஆர்என்ஏ திருத்தம் பிறகு அதை ஏயுஜி ஆக்கிக்கொள்ளும். ஆர்பிஎஸ்12-இன் துண்டுகள் ஜீனோமில் தள்ளித்தள்ளிக் கிடப்பதும் இயல்பே. இரண்டு ஆர்என்ஏக்களாக எழுதிப் பிறகு ஒட்டிக்கொள்ளும் மரபணு அது.

ஆழ வரைபடத்தைப் பாருங்கள். ஓரிடத்தில் ஆழம் மளமளவென்று இறங்கி, அங்கே வேறுவகை எழுத்துகள் தெரிந்தால், மைட்டோகாண்ட்ரியாவுக்கோ உட்கருவுக்கோ இடம்பெயர்ந்த பழைய பசுங்கணிகத் துண்டு கலந்திருக்கலாம். பிசிஆரிலும் இதே பேய் வரும், அங்கே கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

வரிசைகளை ஒப்பமைக்க மாஃப்ட் மென்பொருள். மரம் வரைய ஐக்யூ-ட்ரீ. புரத மரபணுக்களை மரபணுவாரியாகவும் கோடான் நிலைவாரியாகவும் பிரித்துக் கொடுத்து, ஒத்தவற்றை அதுவே சேர்த்துக்கொள்ள விடுங்கள். பேரின அளவில் இடைவெளித் தொடர்களையும் சேர்ப்பது அவசியம், தகவல் அதிகம் அங்கேதான்.

#8 பச்சையிழை

முழு ஜீனோம் எடுத்து எல்லாக் கிளையும் 100 ஆதரவு வந்தால் ஐடிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமே. 700 எழுத்து எங்கே, ஒன்றரை லட்சம் எழுத்து எங்கே. ஐக்யூ-ட்ரீ தரும் ஆதரவு எண்ணான அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப்பில் 80 தாண்டினாலே நல்ல கிளைதான்.

#9 கிளைமுடிச்சு

> அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப்பில் 80 தாண்டினாலே நல்ல கிளைதான்

இல்லை. பழைய பூட்ஸ்ட்ராப்பில் 70-ஐ எல்லையாக வைக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. அல்ட்ராஃபாஸ்ட் முறையில் 95-க்குக் கீழே உள்ளதை நம்பாதீர்கள். 80 என்ற எல்லை எஸ்ஹெச்-ஏஎல்ஆர்டி என்ற வேறொரு ஆதரவுச் சோதனைக்கு உரியது. இரண்டையும் சேர்த்து ஓட்டி, 80-உம் 95-உம் ஒன்றாகத் தாண்டும் கிளைகளை மட்டும் ஏற்றுக்கொள்வது வழக்கம்.

அதைவிடப் பெரிய தவறு முதல் பகுதியில். பசுங்கணிக ஜீனோம் ஒன்றரை லட்சம் எழுத்தாக இருந்தாலும் அது ஒரே ஒரு மரபுத் தடம். மறுசேர்க்கை அரிது, பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியாக மட்டும் வருகிறது. 79 புரத மரபணுக்களும் ஒரே கயிற்றில் கட்டிய மணிகள், சேர்ந்தே இழுபடும். எழுத்து கூடக் கூட அந்த ஒரு தடத்தை இன்னும் துல்லியமாக வரைகிறீர்கள். அது சிற்றினங்களின் வரலாறும்தானா என்பதை 100 என்ற எண் சொல்லாது.

ஓக் மரங்களைப் பாருங்கள். ஐரோப்பிய வெள்ளை ஓக்குகளில் பசுங்கணிக வகைகள் சிற்றினத்தைப் பின்பற்றுவதில்லை, நிலப்பரப்பைப் பின்பற்றுகின்றன. ஒரே காட்டில் நிற்கும் இரண்டு சிற்றினங்கள் ஒரே வகையைப் பகிர்ந்துகொள்ளும், அதே சிற்றினம் நூறு மைல் தள்ளி வேறு வகையோடு நிற்கும். கலப்பு நடந்து, தந்தைவழியில் மீண்டும் மீண்டும் பிற்கலப்பு ஆகி, உட்கரு முழுக்க ஒரு சிற்றினமாக மாறிய பிறகும் பசுங்கணிகம் மட்டும் பழைய தாயுடையதாகவே தங்கிவிடுகிறது. இதைத்தான் பசுங்கணிகக் கவர்வு என்கிறோம்.

இது பேரின அளவில் மட்டும் நடக்கும் வேடிக்கை அல்ல. ஆமணக்கு சேர்ந்த மால்பிகியேல்ஸ், புளியாரை சேர்ந்த ஆக்சாலிடேல்ஸ், செலாஸ்ட்ரேல்ஸ் ஆகிய மூன்று துறைகளும் பசுங்கணிக மரத்தில் அவரை, ரோஜா இருக்கும் பக்கம் நிற்கின்றன. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களோ பலமுறை அவற்றைக் கடுகு, பருத்தி பக்கம் கொண்டுபோய் வைக்கின்றன. பசுங்கணிக ஆதரவு வலுவாகத்தான் இருக்கிறது, இருந்தும் தீரவில்லை.

#10 சூலகவறை

இதோடு மாதிரித் தேர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் 13 நிலத்தாவரங்களின் பசுங்கணிக ஜீனோமில் இருந்து 61 பொது மரபணுக்களை எடுத்து ஒரு மரம் வந்தது. அதில் பூக்கும் தாவரங்களில் முதலில் பிரிந்தது, அதுவரை பலரும் நினைத்த ஆம்பொரெல்லா என்ற புதர்ச்செடி இல்லை, ஒருவித்திலைத் தாவரங்கள் என்று வந்தது. எழுத்து எண்ணிக்கையில் அதற்கு முந்தைய எல்லா ஆய்வையும் மிஞ்சியது. சிக்கல் என்னவென்றால், ஒருவித்திலை என்று அதில் இருந்தவை புல் குடும்பத்து நெல், கோதுமை, மக்காச்சோளம் மட்டும். புற்களின் பசுங்கணிகம் மிக வேகமாக மாறியது, கிளை மிக நீளம். நீண்ட கிளை வெளிக்குழுவின் (மரத்துக்கு வேர் வைக்கச் சேர்க்கும் வெளித் தாவரங்கள்) நீண்ட கிளையை நோக்கி இழுக்கப்பட்டது. அகோரஸ் (வசம்பு) போன்ற மெதுவாக மாறும் ஒருவித்திலைத் தாவரங்களைச் சேர்த்ததும் அடுத்த இரண்டாண்டுகளில் ஆம்பொரெல்லா அடிக்குத் திரும்பியது, தனியாகவோ அல்லிக் குடும்பத்தோடு சேர்ந்தோ. 2007-இல் 64 ஜீனோம்கள், 81 மரபணுக்கள் கொண்ட மரம் வந்தபோது பெரும்பாலோர் விவாதத்தை விட்டுவிட்டார்கள்.

எழுத்தைக் கூட்டினால் தவறான விடைக்கும் 100 ஆதரவு கிடைக்கும். சிற்றினங்களைக் கூட்டுவதுதான் நீண்ட கிளையை நடுவில் உடைக்கும்.

#11 மகரந்தத்துகள்

சரி, என் இரண்டு சிற்றினங்களுக்கு வருவோம். கவர்வா, மாதிரிக் குழப்பமா, அல்லது பழைய மரபு வகைகள் பிரியாமல் தங்கியதா என்று எப்படிப் பிரிப்பது?

#12 கிளைமுடிச்சு

மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் இரண்டு மரங்களிலும் ஆதரவு குறைந்த கிளைகளை மடக்கிவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். முரண்பாடு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடும். டிஆர்என்எல்–எஃப் ஒன்றே உங்களிடம் இருப்பதால் இது நடக்க நல்ல வாய்ப்பு.

முரண் தங்கினால், சிலிக்கா இலை எடுத்த அதே செடியின் ஹெர்பேரியத் தாளிலிருந்து மீண்டும் பிரித்தெடுத்து ஒரு பகுதியை மட்டும் மறுபடி வாசியுங்கள். குழாய் மாறியதா என்பது ஒரு நாளில் தெரிந்துவிடும். அதோடு வேறு இடத்தில் சேகரித்த இரண்டாவது செடி ஒன்றையும் ஓட்டுங்கள்.

ஐடிஎஸ்ஸையும் விசாரியுங்கள். அது உட்கருவில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. பிரதிகள் ஒன்றுபோலாகும் என்ற நம்பிக்கையில்தான் நேரடியாக வாசிக்கிறோம். கலப்பினத்தில் அவை ஒன்றுபோலாகாமல் இரட்டை உச்சங்கள் தெரியும், அல்லது ஒரு பெற்றோரின் பிரதி மட்டும் மிஞ்சி மற்றதை அழித்துவிடும். பூஞ்சையின் ஐடிஎஸ் வந்திருக்கிறதா என்று பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடலில் ஒருமுறை தேடிவிடுங்கள், பழைய தாள்களில் இது சகஜம்.

இவையெல்லாம் தாண்டியும் முரண் நின்றால் கிளை நீளத்தைப் பாருங்கள். சமீபத்தில் கவரப்பட்ட பசுங்கணிகம் கொடுத்தவருடையதோடு கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். ஒன்றரை லட்சத்தில் பத்திருபது வேறுபாடு மட்டும் என்றால், சிற்றினங்கள் பிரிந்த பிறகு கைமாறியது என்று அர்த்தம். மூதாதையின் பல வகைகள் பிரியாமல் தங்கியதென்றால் அந்த வகைகளுக்கு இடையே உள்ள தூரம் சிற்றினப் பிரிவைவிடப் பழையதாக இருக்கும். நிலப்பரப்போடு பொருந்துகிறதா என்பதும் முக்கியம். அருகருகே வளரும் சிற்றினங்கள் பகிர்ந்தால் கவர்வுப் பக்கம் தட்டு சாயும்.

இறுதித் தீர்ப்பு உட்கருவில்தான். பூக்கும் தாவரங்களுக்கென்றே வடிவமைத்த 353 உட்கரு மரபணுக்களின் தூண்டில் தொகுப்பு, அதாவது அந்த மரபணுக்களை மட்டும் பிடித்திழுக்கும் டிஎன்ஏ/ஆர்என்ஏ துண்டுகள், இருக்கிறது. ஹெர்பேரிய இலையிலும் வேலை செய்யும். அதோடு கூடவே வரும் தூண்டிலில் சிக்காத வாசிப்புகளிலிருந்து பல நேரம் பசுங்கணிகத்தின் பெரும்பகுதியும் கிடைத்துவிடும். முந்நூறு மரபணு மரங்களில், முரண்படும் சிற்றினமும் இரண்டு மரங்களிலும் அதற்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிற்றினங்களும் ஆகிய மூன்றும் எப்படி அமைகின்றன என்று எண்ணுங்கள். முதன்மை அமைப்பு ஒன்று, சிறுபான்மை அமைப்புகள் இரண்டு. சிறுபான்மை இரண்டும் ஏறத்தாழ சமமானால் அது பிரியாமல் தங்கிய பழைய வகைகளின் வேலை. ஒன்று மட்டும் தெளிவாகக் கூடினால் கலப்பு.

#13 பச்சையிழை

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் 79 பசுங்கணிக மரபணுக்களையும் தனித்தனி மரமாக்கி, மரபணு மரங்களைச் சேர்த்துச் சிற்றின மரம் தரும் அஸ்ட்ரல் மென்பொருளில் போட்டால் அந்தப் பிரச்சினை தீராதா?

#14 சூலகவறை

தீராது. அந்த முறை ஒவ்வொரு மரபணுவும் சுயேச்சையான சாட்சி என்று வைத்துக்கொள்கிறது. இங்கே அவை சுயேச்சை இல்லை. மேலும் சில பசுங்கணிக மரபணுக்கள் நூறு எழுத்துகூட இல்லாதவை. அவற்றின் மரம் வெறும் ஊகம், அந்த ஊகப் பிழையை முறை உண்மையான முரண் என்று எண்ணும். மரபணுக்களுக்குள் எங்காவது முரண் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஓட்டலாம், முடிவாக வெளியிட வேண்டாம். கட்டிய பசுங்கணிகம் இரண்டு செடிகளின் ஒட்டுவேலையாகிவிட்டால் இந்தச் சோதனையில் அது மாட்டும். ஜீனோமின் ஒரு பாதி ஒரு கிளையையும் மறுபாதி வேறொரு கிளையையும் காட்டும்.

#15 வேர்த்தூவி

ஒரு சின்னக் கிளைப்பேச்சு. எழுத்து மாற்றங்களுக்கு முன்னால் பசுங்கணிகத்தின் அமைப்பு மாற்றங்களே உறவைச் சொல்லின. சூரியகாந்திக் குடும்பத்தில் சுமார் 22,000 கார இணை நீளத் தலைகீழ்த் திருப்பம் ஒன்று உண்டு. பர்னடேசியா குழுவில் மட்டும் அது இல்லை. 1987-இல் அதை வைத்தே அந்தக் குழு குடும்பத்தின் அடியில் பிரிந்தது என்றார்கள், இன்றும் அது நிற்கிறது. பட்டாணி, கொண்டைக்கடலை, குதிரைமசால் சேர்ந்த கிளை மீள்தொடரின் ஒரு பிரதியையே இழந்தது, அந்த இழப்பே கிளையின் பெயர்.

ஆனால் உங்கள் பேரினம் ஜெரேனியக் குடும்பமாக இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். தோட்டப் பெலர்கோனியத்தின் பசுங்கணிகம் 2,17,942 கார இணை, மீள்தொடர் ஒவ்வொன்றும் 75,741. மீள்தொடர் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. அங்கே துண்டுகள் அத்தனை முறை புரண்டிருக்கின்றன. கூடவே பெலர்கோனியத்தில் பசுங்கணிகம் இரு பெற்றோரிடமிருந்தும் வருகிறது, தாய்வழி என்ற அனுமானமும் போகும். கிவியில் தந்தைவழி. ஒட்டுண்ணிகளில் எபிஃபேகஸின் பசுங்கணிகம் 70,028-க்குச் சுருங்கி ஒளிச்சேர்க்கை மரபணுக்களே இல்லாமல் நிற்கிறது. ஆர்பிசிஎல் பிரைமர் அங்கே பட்டை தராததற்கு உங்கள் பிசிஆரைக் குறை சொல்ல முடியாது.

#16 மகரந்தத்துகள்

பேரினம் ஜெரேனியமும் அல்ல, ஒட்டுண்ணியும் அல்ல. திட்டம் இப்படி: 24-க்கும் ஸ்கிம்மிங், மாதிரிக்கு 200 கோடி எழுத்து. முரண்படும் இரண்டு சிற்றினங்களுக்குத் தலா மூன்று செடிகள், வெவ்வேறு இடங்களிலிருந்து. அவற்றுக்கும் அவற்றின் இரு பக்கத்துச் சிற்றினங்களுக்கும் 353 தொகுப்பு. பசுங்கணிக மரம், உட்கரு மரம் தனித்தனியாக, எதிரெதிரே. வெளிக்குழுவாக நெருங்கிய பேரினம் ஒன்றிலிருந்து மூன்று சிற்றினங்கள்.

#17 கிளைமுடிச்சு

வெளிக்குழுவை மட்டும் மாற்றுங்கள். மூன்றும் ஒரே பேரினம் என்றால் அது ஒரே நீண்ட கிளைதான், நுனியில் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நெருங்கிய பேரினத்தில் ஒன்று, அதற்கு அடுத்த இரண்டு பேரினங்களில் ஒவ்வொன்று என்று எடுங்கள். ஜென்பேங்கில் ஜீனோம் கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் ஹெர்பேரியத் தாள் எண் குறிப்பிட்ட பதிவாகப் பார்த்து எடுங்கள். தாள் எண் இல்லாத வரிசை எந்தச் செடி என்று பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. உங்கள் 24-க்கும் அதே விதி: குழாயின் மேல் சிற்றினப் பெயரை எழுதாதீர்கள், சேகரிப்பு எண்ணை எழுதுங்கள். பெயர் நாளை மாறும்.

#18 வேர்த்தூவி

மூடியில் மட்டும் எழுதாமல் பக்கவாட்டிலும். மூடி மாறிவிடும்.